தங்கவயல்காரி தங்கம் தேடிப் போனது

மகள் ஷீலாவுக்கு டாக்டர்கள் சொன்ன தேதி வந்தது, போனது. குழந்தை மட்டும் வரவில்லை. பிரசவம் பார்க்கவென்று லண்டன் வந்த நான், கிங்ஸ்பரியில் அவளுடைய சின்ன வீட்டில் மாடிப்படி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். மடித்த துணியை மறுபடி மடித்தேன். மடித்ததை இடம் மாற்றி வைத்தேன். ஒன்றும் இல்லாவிட்டால் ஸ்டேஷன் வரை நடந்து போய், ஒரு ரயில் வந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

எனக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. கோலார் தங்கவயலில் யாருக்குமே இல்லை. சுரங்கத்தை மூடிய பிறகு பாதி ஊர் விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு ரயிலேறும், இருட்டும்போது திரும்பும். நானும் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து, ஓய்வு பெறும்வரை அப்படித்தான் போய்வந்தேன். அந்த ரயிலில் பூக் கட்டுவார்கள், கீரை ஆய்வார்கள், சீட்டாடுவார்கள், சண்டை போடுவார்கள். லண்டன் ரயிலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஒருநாள் எதிரில் இருந்த பெண் போனில், "இல்லை, நான் அழவில்லை, ரயிலில் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். பெட்டியில் இருந்த எல்லோரும் தங்கள் மடியைப் பார்த்தார்கள். எங்கள் ரயிலாக இருந்தால் இதற்குள் நாலு பேர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, யாரவன் என்று விசாரித்திருப்பார்கள். நானும் என் மடியைத்தான் பார்த்தேன். இறங்கிய பிறகு அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மாப்பிள்ளை நிரோஷன் எங்களை ஈஸ்ட் ஹாமுக்கு, தன் பெற்றோர் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். ஹை ஸ்ட்ரீட் முழுக்க நகைக்கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஆரம் ஆரமாகத் தொங்கியது. தங்கவயல் என்று ஊர்ப் பேரைச் சொன்னால் எங்கள் வீட்டில் தங்கம் கொட்டிக் கிடக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நாங்களும் பெங்களூர்க் கடையில் பேரம் பேசித்தான் வாங்கினோம். எங்கள் காலுக்குக் கீழே வெட்டியெடுத்ததெல்லாம் கட்டியாகக் கப்பலேறி, அந்தக் காலத்தில் இந்த லண்டனுக்குத்தான் வந்தது.

சம்பந்தி பாக்கியநாதர் மன்னார்க்காரர். இளவயதில் ஜெர்மனிக்குப் போய், ஓட்டலில் கோப்பை கழுவி, அங்கேயே குழாய் வேலை பழகி, பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்க வேண்டும் என்று லண்டனுக்கு மாறி வந்தவர். வீடுகளில் பாய்லர் பழுதுபார்ப்பது தொழில். கல்யாணத்தின்போது என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. அவர் மனைவி ரெஜினா இருவருக்கும் சேர்த்துப் பேசுவார். அன்றைக்குக் கணவாய்க் கறியும் புட்டும் வைத்திருந்தார். எங்கள் ஊரில் கடல் இல்லை. கணவாயை நான் அன்றுதான் முதன்முதலாகத் தின்றேன். ரப்பர் மாதிரி இருக்குமோ என்று பயந்து ஒரு துண்டு எடுத்தேன். பிறகு இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு வந்ததும் சம்பந்தி கேட்டார். "சம்மந்தி, நீங்கள் தங்கவயல் ஆள் எல்லே? ஒரு சாமான் காட்டுறன், வாங்கோ."

பின்கட்டு அறையின் ஜன்னல் கண்ணாடியில் அவர் மூன்று வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வைத்திருந்தார். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் மூன்றும் ஒன்றாகத் தெரிந்தன. ஒன்று, எந்த மலையில் என்ன பாறை என்று நிறம் நிறமாகக் காட்டுவது. இன்னொன்று, நடைபயணக்காரர்கள் வைத்திருக்கும் சாதாரண மேப். மேட்டையும் பள்ளத்தையும் வளைகோடுகளாகப் போட்டிருக்கும். மூன்றாவது, அந்த இடத்தின் பழைய மேப்பின் நகல். இப்போது வெறும் புல்வெளியாக இருக்கிற இடத்தில் அதில் ஒரு சுரங்கவாய் குறித்திருந்தது.

"வேல்ஸ் பக்கம் ஒரு ஆறு," என்றார். "பேரைச் சொல்லமாட்டன், கோவிக்காதேங்கோ. பாருங்கோ, இஞ்ச கோடுகள் நெருங்கி நிக்குது. அப்ப சரிவு கூட, தண்ணி பாஞ்சு வரும். இஞ்ச கோடு விலகுது. தண்ணி களைச்சுப் போகுது. தங்கம் பாரமான சாமான். தண்ணி களைக்கிற இடத்தில அது இறங்கிப் படுத்திடும். வளைவில உள்பக்கம் பாக்கவேணும். வெளிப்பக்கம் பாத்தால் ஒண்டும் கிடையாது."

"கெடச்சா யாருக்கு விப்பீங்க?" என்று கேட்டேன்.

"விக்கிறதோ? எல்லாம் சேத்தாலும் ஒரு மூக்குத்திக்குக் காணாது. உது சும்மா பொழுதுபோக்கு."

பொழுதுபோக்கு என்ற சொல் எனக்கு இறங்கவில்லை. என் அப்பா சுரங்கத்தில் துளைபோடும் வேலை செய்தவர். பாறைத் தூள் நுரையீரலில் படிந்து, இருமி இருமி, நான் பள்ளிக்கூடம் முடிக்குமுன் போய்ச் சேர்ந்தார். எங்கள் ஊரில் மேப் என்றால் கீழ்நோக்கிப் போவது. சுரங்க ஆபீஸ் சுவரில் மாட்டியிருப்பார்கள், கிணறு மாதிரி ஒரு கோடு, அதிலிருந்து பக்கவாட்டில் அடுக்கடுக்காக. அதில் ஏதோ ஓர் அடுக்கில் அப்பா இருக்கிறார் என்று அம்மா காட்டியிருக்கிறாள். இவர் ஜன்னலில் ஒட்டிவைத்து ரசிக்கிறார். அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு ரெஜினாவுக்குப் பாத்திரம் துடைக்கப் போனேன்.

ஆனால் அவர் விடவில்லை. இரண்டு நாள் கழித்து கிங்ஸ்பரி வீட்டு பாய்லரைப் பார்க்க வந்தவர், காரிலிருந்து ஒரு பச்சை நிற பிளாஸ்டிக் தட்டை எடுத்து வந்தார். தோட்டத்தில் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, மணலைப் போட்டு, அதில் ஈயக் குண்டுகளைக் கலந்தார். "உங்கட ஊர் ஆள் எப்பிடி அரிக்கிறா எண்டு பாப்பம்" என்றார்.

நான் அரிசியில் கல் அரித்து வளர்ந்தவள். தட்டைச் சாய்த்து, குலுக்கி, மேலே மிதப்பதைத் தண்ணீரோடு வழியவிட்டேன். மணல் போய்விட்டது, குண்டுகள் அடியில் தங்கின. சம்பந்தி குனிந்து எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. அவர் மறுபடி மணலைக் கலந்தார். நான் மறுபடி அரித்தேன். மேலே ஜன்னலில் ஷீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது.

அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள். "அம்மா, நீ வீட்டுக்குள்ள நடந்துட்டே இருக்கறதப் பாத்தா எனக்குத் தலை சுத்துது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம்னு மிட்வைஃப் சொல்லிட்டாங்க. மாமா வேல்ஸுக்குக் கூப்பிடறார்ல, அவரோட போயிட்டு ஒரு நாள்ல வந்துடு. நிரோஷன் இருக்கார்ல."

போகக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் இருக்கவும் முடியவில்லை. புதன்கிழமை மதியம் சம்பந்தி, ரெஜினா, நான் மூவரும் காரில் கிளம்பினோம். ரெஜினா முன் சீட்டில் உட்கார்ந்து மட்டன் ரோல்களைப் பின்னுக்கு நீட்டிக்கொண்டே வந்தார். வழியில் ஒரு டயர் காற்றிறங்கியது. நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று, லாரிகள் காற்றை அறைந்துவிட்டுப் போக, நாங்கள் ரோல் தின்றோம். உதவிக்கு வந்த வண்டிக்காரரும் ஒன்று தின்றார். மிளகு அதிகம் என்று கண் கலங்கச் சொல்லிவிட்டு இன்னொன்று கேட்டார். நான் சிக்னல் இருக்கிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரவு ஒரு சிற்றூரில் தங்கினோம். நான் படுத்தேன் என்று சொல்லலாம், தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

காலையில் பண்ணைக்குப் போனோம். ஆறு ஓடும் நிலத்துக்குச் சொந்தக்காரி ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. ரப்பர் பூட்ஸ், இரண்டு நாய்கள். சம்பந்தி வருஷா வருஷம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கி வருகிறவர். அந்த அம்மா என் கையைக் குலுக்கிவிட்டு அவரிடம் சொன்னார்: "வழக்கம் போல ஆற்றோடு நில்லுங்கள். மேலே மலைப்பக்கம் வேண்டாம். போன குளிர்காலத்தில் ஓர் ஆடு அந்தப் பழைய சுரங்கத்துக்குள் போய்த் திரும்பவில்லை." சம்பந்தி தலையாட்டினார்.

ஆறு என்றால் நம்மூர்க் கணக்கில் பெரிய வாய்க்கால். தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. மேப்பில் கோடுகள் விலகிய இடத்தில், வளைவின் உள்பக்கம், ஒரு பாறை இடுக்கிலிருந்து சம்பந்தி சரளையை அள்ளித் தந்தார். ரெஜினா, "எனக்கு உந்தக் குளிர் ஏலாது" என்று காருக்குள் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்.

முதல் தட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ. அப்புறம் ஒரு தட்டில், கறுப்பு மணலின் ஓரத்தில், மஞ்சளாக ஒரு பொட்டு. கடுகில் பாதிகூட இருக்காது. தட்டைச் சாய்த்தால் மணல் நகர்ந்தது, அது நகரவில்லை.

எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்து, அறுபதை நெருங்கிவிட்ட நான், மண்ணிலிருந்து வந்த தங்கத்தைக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. தங்கவயலில் அது பாறைக்குள் இருந்தது, ஆலைக்குள் போனது, கட்டியாகிக் காவலோடு ரயிலேறியது. நாங்கள் பார்த்தது அரைத்துக் கொட்டிய மண்மேட்டை மட்டும்தான். தட்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை என்று சம்பந்தி நினைத்திருப்பார்.

அதை அவர் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இன்னொரு தட்டு போடுங்க" என்றேன். அப்புறம் இன்னொன்று. மேலும் இரண்டு பொட்டு கிடைத்தது. கால் மரத்துப்போனது. சாப்பாட்டு நேரம் போனது. ரெஜினா கார் கதவைத் திறந்து கூப்பிட்டபோது, "இதோ" என்றேன், போகவில்லை. பொழுதுபோக்கு என்று முகம் சுளித்தவள் நான்தான்.

"உது மேல இருந்துதான் வருகுது," என்றார் சம்பந்தி. பழைய மேப்பை பிளாஸ்டிக் உறையோடு எடுத்து, ஆற்றில் சேரும் ஓர் ஓடையை விரலால் தொட்டுக்கொண்டே மேலே போனார். விரல் சுரங்கவாயில் நின்றது. "வாசலில கிடக்கிற சேத்தை மட்டும் ஒரு வாளி அள்ளுவம்."

"அந்தம்மா வேணாம்னாங்களே."

"வாசல்தானே, சம்மந்தி. உள்ளுக்கு ஆர் போறது?"

நானும் பின்னால் ஏறினேன். புதருக்கு நடுவே ஒரு ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஓட்டை. கம்பிக் கதவு ஒரு பக்கம் பெயர்ந்து கிடந்தது. உள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் வாளியை எடுத்துக்கொண்டு வாசலில் குனிந்தார், ஒரு எட்டு உள்ளே வைத்தார், இன்னொரு எட்டு. "போகாதீங்கண்ணே" என்றேன். "ஓம், ஓம், இஞ்சதான் நிக்கிறன்" என்று குரல் வந்தது. அடுத்த தடவை வந்தபோது குரல் தூரத்திலிருந்து வந்தது. அப்புறம் மரம் முறிகிற சத்தமும், தண்ணீர்ச் சத்தமும் கேட்டன, பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

கூப்பிட்டேன். பதிலில்லை. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. மலைச்சரிவில் கீழே கார் தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. ரெஜினா பேரைச் சொல்லிக் கத்தினேன். காற்று அதை எங்கோ கொண்டுபோனது.

போன் விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

எங்கள் ஊரில் பெண்களைச் சுரங்கத்துக்குள் இறங்க விட்டதில்லை. அம்மா இறங்கியதில்லை, நான் இறங்கியதில்லை. அப்பா வேலைக்குப் போன இடத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அதெல்லாம் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. காலடியில் தண்ணீர், தலையில் பாறை இடித்தது, மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. கொஞ்ச தூரத்தில் சம்பந்தி தெரிந்தார். தண்ணீருக்கடியில் பள்ளத்தை மூடிப் போட்டிருந்த பழைய பலகைகள் உளுத்துப்போய் உடைந்து, மார்பு வரை உள்ளே இறங்கியிருந்தார். இரண்டு கையாலும் ஒரு துருப்பிடித்த தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பேச்சு வரவில்லை, பற்கள் அடித்துக்கொண்டன.

"கால் எட்டுதாண்ணே?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

பக்கத்தில் போனால் நானும் விழுவேன் என்று தெரிந்தது. தண்ணீரில் குப்புறப் படுத்தேன். துப்பட்டாவை முறுக்கி அவர் அக்குளுக்குக் கீழே விட்டு இழுத்தேன். அசையவில்லை. மறுபடி இழுத்தேன். "உங்க பேரப்பிள்ளை வரப்போகுது, எட்டி வைங்க" என்று எதையெதையோ சொன்னேன். என் கால் ஒரு பாறையில் முட்டுக் கொடுத்தது. அவர் முழங்கையை ஊன்றி, வயிறு தேய, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தார். இரண்டு பேரும் சேற்றில் அப்படியே கிடந்தோம். பிறகு தவழ்ந்து வெளியே வந்தோம். ரெஜினா பாதி மலை ஏறி மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். கணவரை நனைந்த கோலத்தில் பார்த்ததும் முதலில் கன்னத்தில் ஒரு அடி வைத்தார், பிறகு கட்டிக்கொண்டு அழுதார்.

பண்ணை வீட்டு வாசலை எட்டியதும், அங்கே சிக்னல் இருந்ததால், என் போன் விடாமல் துடித்தது. எல்லாம் நிரோஷன். காலையிலேயே ஷீலாவுக்குப் பனிக்குடம் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

சம்பந்தியின் முழங்கால் வீங்கிக் கால்சட்டைக்குள் இறுகியிருந்தது, கார் ஓட்ட முடியாது. ரெஜினாவுக்கு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லை. பண்ணைக்கார அம்மா எங்களைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. என் தோளில் ஒரு கம்பளியைப் போட்டு, நாய் முடி ஒட்டிய தன் ஜீப்பில் எல்லோரையும் ஏற்றினார். சம்பந்தியையும் ரெஜினாவையும் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இறக்கினார். இறங்கும்போது சம்பந்தி என்னைப் பார்த்தார். "சம்மந்தி..." என்றார். "காலைப் பாருங்க முதல்ல" என்றேன். பிறகு அந்த அம்மா என்னை ஸ்டேஷனில் விட்டு, டிக்கெட்டும் தானே எடுத்துக் கொடுத்து, நடைமேடையில் கூடவே நின்றார். "எனக்கு நாலு பிள்ளைகள்," என்றார். "மூத்தவன் பிறந்தபோது என் அம்மா மாட்டுச் சந்தையில் இருந்தாள். இன்றுவரை சொல்லிக்காட்டுகிறேன்."

ரயிலில் என் பக்கத்து சீட் காலியாகவே இருந்தது. என்னிடமிருந்து வந்த சேற்று நாற்றத்துக்கு அப்படித்தான் இருக்கும். சுற்றிவர எல்லோரும் மடியைப் பார்த்தார்கள். கடைசியில் எதிர்வரிசைப் பையன் ஒருவன், கல்லூரி மாணவன் மாதிரி, "நீங்கள் நலமா?" என்று கேட்டான். என் அரைகுறை இங்கிலீஷில், தங்கம் தேடிப் போனேன், என் மகளுக்குக் குழந்தை பிறக்கிறது என்றேன். அவன் தன் சாண்ட்விச்சில் பாதியைத் தந்தான். ஈரச் சீஸும் வெள்ளரிக்காயும். அந்த மாதிரி ருசி நான் அறிந்ததில்லை.

பிறகு வண்டி ஒரு வயல்வெளியில் நின்றது. சிக்னல் கோளாறு என்று அறிவித்தார்கள். மன்னிப்புக் கேட்டார்கள். மறுபடி மன்னிப்புக் கேட்டார்கள். எங்கள் ஊர் ரயில் நின்றால் மன்னிப்பெல்லாம் கிடையாது, ஆனால் இறங்கி நடந்துவிடலாம். இங்கே கதவு திறக்காது. நான் பெட்டியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தேன். இதற்குள் பெட்டிக்கே விஷயம் தெரிந்துவிட்டது. சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என் போனுக்குத் தன் சார்ஜரைக் கொடுத்தார். நான் கடக்கும்போதெல்லாம் ஒருவர், "ஏதாவது செய்தி?" என்று கேட்டார். அவர்கள் மடியைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

நின்ற வண்டியில்தான் செய்தி வந்தது. பெண் குழந்தை. இருவரும் நலம். நான் சத்தமாகச் சொன்னேனா என்று நினைவில்லை, ஆனால் பெட்டி கை தட்டியது. கொஞ்ச நேரத்தில் வண்டியும் நகர்ந்தது.

ஆஸ்பத்திரியை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வார்டு வாசலில் நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்து, முதலில் குளியலறையைக் காட்டி, ஒரு நீல ஆஸ்பத்திரி உடையைத் தந்தாள். அதை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். ஷீலா வெளிறிப் படுத்திருந்தாள். நிரோஷன் தன் அப்பாவிடம் போனில் பேச வெளியே போனார். எலும்பு முறியவில்லையாம்.

"எடுத்தியா?" என்றாள் ஷீலா.

"மூணு பொட்டு. குப்பி சம்பந்தி சட்டைப்பையில இருந்துச்சு. விழுந்ததுல நொறுங்கிப் போச்சு. எல்லாம் அங்கேயே போயிடுச்சு."

அவள் சிரித்தாள். வலித்தது போலிருக்கிறது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, நிரோஷன் சொல்லித் தெரிந்துகொண்ட மிச்சக் கதையைப் பற்றிக் கேட்டாள். "நிஜமாவே உள்ள போனியாம்மா?"

"போனேன்."

"எப்படி இருந்துச்சு?"

"இருட்டு. ஈரம். நிமிர்ந்து நிக்க முடியல."

"தாத்தாவ நெனச்சுக்கிட்டியா?"

"அங்க எங்க நெனைக்கறது? சம்பந்திய வெளிய இழுக்கணுமே." குழந்தையை அவள் பக்கத்திலிருந்து எடுத்தேன். கண் திறக்காமல், முகத்தைச் சுளித்து, வாயால் எதையோ தேடியது. "இப்பத்தான் நெனைக்கறேன்" என்றேன்.